ஓட்டை யாருக்குச் சொந்தம்?

கறுப்புக் கம்பளி ஸ்வெட்டர். உடம்பைவிட இரண்டு சுற்று பெரியது. எலி கடித்ததா, பூச்சி அரித்ததா என்று கேட்கத் தோன்றும்படி அங்கங்கே ஓட்டைகள். 1982இல் ரெய் கவாகுபோ தன் ‘கொம் தெ கார்சோன்’ நிறுவனத்தின் பெயரில் பாரிஸில் காட்டியது. பார்த்தவர்கள் கந்தல் என்றார்கள். அவரோ அதை லேஸ் என்றார். லேஸும் நூலுக்கு நடுவே ஓட்டை விட்டுச் செய்வதுதானே என்பது அவர் கணக்கு. துணி செய்யும் இயந்திரங்கள் நாளுக்கு நாள் பிசிறே இல்லாத துணியைத் தள்ளுகின்றன, அதனால் அங்கங்கே ஒரு திருகைத் தளர்த்தி விடுகிறோம் என்றும் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

எனக்கு அந்த ஸ்வெட்டர் ரொம்பப் பிடிக்கும். படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்றாலும் பிடிக்கும். ஆனால் பிடிக்கும் என்று சொல்லும்போதே உள்ளே ஒரு உறுத்தல். உலகத்தில் பெரும்பாலானவர்கள் உடுப்பில் இருக்கும் ஓட்டையை மறைக்கத்தான் பாடுபடுகிறார்கள். அதைக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்வது என்ன மாதிரியான செயல்?

இல்லாதவன் உடுத்தினால் கந்தல், இருக்கிறவன் உடுத்தினால் அவான்-கார்ட். இப்படி ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிடலாம், நாலு பேர் ஷேர் பண்ணுவார்கள். எனக்கு அந்த வரியோடு உடன்பாடில்லை. ஓட்டை என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல பொருட்களைப் போட்டு அடைத்துவைத்திருக்கிறோம். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்க்காமல் யாருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

*

1981இல் கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும் பாரிஸுக்கு வந்தபோது அங்கே மேடையில் இருந்தது வேறு உலகம். அகலத் தோள், இறுக்கிய இடுப்பு, மினுமினுப்பு, உயரக் குதிகால். இவர்கள் இருவரும் கறுப்பைக் கொண்டுவந்தார்கள். தட்டைச் செருப்பு, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய தையல், முடிக்காமல் விட்ட ஓரம், உடம்பின் வடிவத்தைக் காட்டாத பெரிய பெரிய துணி. பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர்களில் ஒன்று இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது: ‘ஹிரோஷிமா ஷிக்’. அணுகுண்டுக்குப் பிறகு மிஞ்சியவர்கள் போட்டுக்கொண்டு வருகிற உடை மாதிரி இருக்கிறதாம்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. கவாகுபோ 1942இல் டோக்கியோவில் பிறந்தவர். கேயோ பல்கலைக்கழகத்தில் அழகியல் படித்தவர், பிறகு ஒரு ஜவுளி இழை நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர். யமமோட்டோவும் டோக்கியோக்காரர்தான். அப்பா போரில் செத்துப்போக, அம்மா தையல் தைத்து மகனை வளர்த்தார். பாரிஸுக்கு வருவதற்கு முன்பே டோக்கியோத் தெருக்களில் இவர்களுடைய கறுப்பு உடைகளைப் போட்டுக்கொண்டு சுற்றிய இளம்பெண்களுக்குக் ‘காக்கைக் கூட்டம்’ என்று பட்டப்பெயர் இருந்தது. சொந்தச் சம்பளத்தில் வாழ்கிற, புருஷன் என்ன நினைப்பான் என்று கவலைப்படாத பெண்ணுக்காகத் தைக்கிறேன் என்பது கவாகுபோ சொன்ன காரணம். அந்தக் கறுப்பில் ஒரு நகரம் இருந்தது, வேலைக்குப் போகும் பெண்கள் இருந்தார்கள். பாரிஸ் விமர்சகர்கள் கண்ணுக்கு அதெல்லாம் தெரியவில்லை. ஜப்பானிய முகம், கிழிந்த துணி. இரண்டையும் கூட்டினார்கள், குண்டு வந்துவிட்டது.

இந்தக் கதையில் கசப்பான பகுதி இனிமேல்தான். அதே காலத்தில் பாரிஸில் நிஜமாகவே ஹிரோஷிமாக்காரர் ஒருவர் இருந்தார். இஸ்ஸே மியாகே, 1938இல் அந்த ஊரில் பிறந்தவர். 1945 ஆகஸ்ட் 6 அன்று அவருக்கு ஏழு வயது. கதிர்வீச்சுக்கு ஆளான அம்மா மூன்று ஆண்டுகளுக்குள் இறந்துபோனார். இதைப் பற்றி மியாகே பொதுவெளியில் எழுதியது 2009இல், நியூயார்க் டைம்ஸில். அதுவும் ஒபாமா ஹிரோஷிமாவுக்கு வர வேண்டும் என்று கேட்பதற்காக. அதுவரை ஏன் பேசவில்லை என்றால், குண்டுக்குத் தப்பிய டிசைனர் என்ற முத்திரை தன்மேல் விழுவதை அவர் விரும்பவில்லை. அழியக்கூடியதைவிட ஆக்கக்கூடியதைப் பற்றியே யோசிக்க முயன்றதாகவும் அதில் எழுதினார்.

அவர் செய்த உடைகளைப் பாருங்கள். 1993இல் வந்த ‘ப்ளீட்ஸ் ப்ளீஸ்’. உடையை வேண்டிய அளவைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக வெட்டித் தைத்து, பிறகு காகிதத்துக்கு நடுவே வைத்துச் சூடேற்றி அழுத்தி மடிப்பு எடுப்பார்கள். வாஷிங் மெஷினில் போடலாம், இஸ்திரி வேண்டாம், சுருட்டிப் பையில் திணிக்கலாம், நடந்தால் துள்ளும். மஞ்சள், பச்சை, ஆரஞ்சு. ஓட்டையும் கிடையாது, கருகலும் கிடையாது. ஹிரோஷிமாவிலிருந்து வந்தவர் துள்ளுகிற மடிப்புகளைச் செய்துகொண்டிருக்க, டோக்கியோவிலிருந்து வந்த இரண்டு பேரின் முதுகில் ஹிரோஷிமாவை எழுதி ஒட்டினார்கள்.

ஒருவர் செய்த பொருளை அவர் இனத்தின் காயமாக மட்டுமே படிப்பது அனுதாபம் மாதிரிதான் தெரியும். உண்மையில் அது அவர் வாயைப் பொத்துகிற வேலை. ‘வாபி-சாபி’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஜப்பானிலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்கிறார்களே, அதுவும் இதே வியாதியின் சாந்தமான வடிவம்தான். கவாகுபோ தன்னை ஜப்பானிய டிசைனர் என்று அழைப்பதைக்கூட விரும்பியதில்லை. விளக்கம் கேட்டால் பெரும்பாலும் மௌனம், மிஞ்சினால் ஒரு வரி.

ஆக 1982 வழக்கில் நான் கவாகுபோ பக்கம். ஒரு வெறும் ஓட்டை யாருக்கும் சொந்தமானது அல்ல. ஏழைக்கும் அது சொந்தமல்ல. ஏழை அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, அது அவன்மேல் விழுந்தது. விழுந்த ஒன்றை அவனுடைய அடையாளச் சின்னமாக ஆக்கி, ‘இது உன்னுடையது, வேறு யாரும் தொடக்கூடாது’ என்று சொல்வது அவனுக்குச் செய்யும் மரியாதையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

*

ஆனால் இந்த வாதம் எல்லா இடத்திலும் ஓடாது. கவாகுபோவிடமே ஓடாது.

1995 ஜனவரியில் அதே நிறுவனத்தின் ஆண்கள் உடைக் காட்சி. தலைப்பு, தூக்கம். கோடு போட்ட பைஜாமாக்கள். அணிந்துவந்தவர்களில் சிலருக்கு மொட்டைத் தலை. ஆஷ்விட்ஸ் வதைமுகாம் விடுவிக்கப்பட்டதன் ஐம்பதாம் ஆண்டு நினைவுகூரப்பட்ட நாட்கள் அவை. யூத அமைப்புகள் கொதித்தன. நான் தூக்கத்தைப் பற்றித்தான் நினைத்தேன், பைஜாமா என்றால் பைஜாமாதான் என்பது கவாகுபோ தரப்பு. அந்த உடைகளை விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அப்படியானால் 1982இல் ‘நான் அதை நினைக்கவே இல்லை’ என்ற பதிலை ஏற்றுக்கொள்கிற நான், 1995இல் ஏன் ஏற்க மறுக்கிறேன்? என் கட்சிக்காரர் என்பதால் சலுகை காட்டாமல் யோசித்தால் ஒரு வித்தியாசம் பிடிபடுகிறது. 1982இல் அந்தத் துணியில் ஹிரோஷிமாவைக் குறிக்கும் எதுவுமே இல்லை, பார்த்தவர் கொண்டுவந்து போட்டது மட்டும்தான். 1995இல் அந்தக் கோடும் மொட்டைத் தலையும் சேர்ந்த உருவம், ஐரோப்பாவில், அந்த மாதத்தில், குறிப்பிட்ட சில மனிதர்களுடையது. அவர்களுடைய பிள்ளைகள் அதே நகரத்தில் உயிரோடு இருந்தார்கள். ஓட்டை வெறும் ஓட்டைதான். கோடு அப்போது வெறும் கோடு இல்லை.

இதைவிட அப்பட்டமான உதாரணமும் உண்டு, அது ஜப்பானிலிருந்து வந்ததல்ல. 2000இல் ஜான் கலியானோ டியோர் நிறுவனத்துக்காகச் செய்த கூத்யூர் காட்சி. சேன் நதிக்கரையில் படுத்திருக்கும் வீடற்றவர்களைப் பார்த்து அவருக்கு உந்துதல் வந்ததாம். செய்தித்தாள் அச்சடித்த பட்டு, கயிறு, கிழிசல். டியோர் கடை வாசலில் ஆட்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எதிர்க்காமல் என்ன செய்வார்கள்? அங்கே குளிரில் படுத்திருந்த குறிப்பிட்ட மனிதன் ஒருவன் இருந்தான். அவனுடைய தோற்றத்தை எடுத்துக்கொண்டு அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். 2022இல் பலென்சியாகா நார்நாராகக் கிழித்து அழுக்காக்கிய ஷூவை 1,850 டாலருக்கு விற்றதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. கவாகுபோ நாற்பது வருஷத்துக்கு முன்னால் திறந்துவிட்ட வாசல் வழியாகத்தான் இதெல்லாம் நுழைந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

*

ஒரு வடிவம் எவ்வளவு சீக்கிரம் தன் காரணத்தை இழக்கும்? புகைப்படத்தில் இதற்குத் துல்லியமான விடை இருக்கிறது. இரண்டே வருஷம்.

1968இல் டோக்கியோவில் ‘ப்ரோவோக்’ என்ற சிற்றிதழ் தொடங்கியது. வந்தது மொத்தம் மூன்றே இதழ்கள். தகுமா நகாஹிரா, கோஜி தாகி, யுதாகா தகானாஷி, கவிஞர் தகாஹிகோ ஒகாதா சேர்ந்து ஆரம்பித்தார்கள். இரண்டாம் இதழிலிருந்து தைதோ மோரியாமாவும் சேர்ந்துகொண்டார். மாணவர் போராட்டம், அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிர்ப்பு, வியட்நாம் என்று கொந்தளித்த காலம். பத்திரிகைப் படங்களின் தெளிவே ஒரு பொய் என்று இவர்கள் நினைத்தார்கள். புள்ளி புள்ளியாகச் சிதறிய, ஆடிப்போன, ஃபோகஸ் தவறிய படங்கள். ஜப்பானிய மொழியில் அரே, புரே, போகே. படத்தைப் பார்த்து இதுதான் என்று யாரும் சட்டென்று பெயர் சொல்லிவிடக் கூடாது என்பது நோக்கம்.

1970இல் ஜப்பான் தேசிய ரயில்வே ‘டிஸ்கவர் ஜப்பான்’ என்று ஒரு பெரிய விளம்பர இயக்கத்தைத் தொடங்கியது. அந்தப் போஸ்டர்களில் கொஞ்சம் ஆடிப்போன, மங்கலான படங்கள். கிராமத்துக் கோயில், பயணம் போகும் இளம்பெண்கள். அரசாங்கத்தின் கண்ணைக் குத்த எடுத்த ஊசியை வைத்து அரசாங்கமே பூவேலை செய்துவிட்டது. நகாஹிரா இதை எழுதியும் பேசியும் எதிர்த்தார். அதோடு விடவில்லை. 1973இல் தன் பழைய நெகடிவ்களில் பெரும்பகுதியை எரித்துப்போட்டார். இனிமேல் படம் தாவரவியல் நூலில் வரும் படம் மாதிரி, எந்த உணர்ச்சியும் பூசாமல், தெளிவாக இருக்க வேண்டும் என்று எழுதினார். நான்கு ஆண்டுகளில் குடியால் நினைவின் பெரும்பகுதி போனது. பிறகும் படம் எடுத்தார், வண்ணத்தில், தெளிவாக.

மோரியாமா எரிக்கவில்லை. அவர் பாணி இன்று போன் ஃபில்டர் வரை வந்துவிட்டது. யார் சரி என்று என்னைக் கேட்டால் மோரியாமாவின் படங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்பேன். ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நகாஹிராவின் நெருப்பு ஞாபகத்துக்கு வருகிறது.

*

இதுவரை சொன்னதில் ஜப்பான் பாவம், மேற்கு மோசம் என்ற தொனி வந்திருந்தால் அதைக் கலைத்துவிடுகிறேன். பாரிஸ் ஜப்பானுக்குச் செய்ததை ஜப்பான் தன் பங்குக்குக் கொரியாவுக்குச் செய்திருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டு தேநீர்க் குருமார்கள் தேடித்தேடிச் சேர்த்த கிண்ணங்களில் உச்சத்தில் இருப்பவை ‘இதோ’ வகைக் கொரியக் கிண்ணங்கள். நாட்டார் கைவினை இயக்கத்தைத் தொடங்கிய யனாகி சொயெட்சு அவற்றில் ஒன்றை 1931இல் பார்த்துவிட்டு, இது கொரிய ஏழைகள் சோறு சாப்பிட்ட சாதாரணக் கிண்ணம், அழகு வேண்டும் என்று நினைக்காததாலேயே அழகாக இருக்கிறது என்று உருகி எழுதினார். பட்டில் சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக அது பாதுகாக்கப்பட்டிருந்தது. கொரியா அப்போது ஜப்பானின் காலனி. யனாகி கெட்டவர் இல்லை. சியோலின் குவாங்ஹ்வாமுன் வாயிலை ஜப்பானிய ஆட்சி இடிக்க முனைந்தபோது 1922இல் வெளிப்படையாக எதிர்த்து எழுதியவர். ஆனால் கொரியக் கலை முழுவதையும் அவர் ‘சோகத்தின் அழகு’ என்று வர்ணித்தார். வெள்ளை உடை என்றால் சோகம், வளைந்த கோடு என்றால் சோகம். எங்கள் கலையில் சிரிப்பும் திமிரும் ஏன் உங்கள் கண்ணில் படவில்லை என்று பின்னால் கொரிய விமர்சகர்கள் கேட்டார்கள். ஹிரோஷிமா ஷிக் என்று எழுதியவனைவிட யனாகி ஆயிரம் மடங்கு அன்பானவர். செய்த காரியம் என்னவோ ஒன்றுதான்.

*

இப்போது போரோ. எனக்கு இதில்தான் கஷ்டம்.

ஜப்பானின் வடகிழக்கில் அவோமோரிப் பகுதி. குளிரில் பருத்தி விளையாது. சணல் வகை நாரில் நெய்த துணிதான், அதற்குள் காற்று சுலபமாகப் புகும். ஏடோ காலத்தில் அங்கே விவசாயிகள் பருத்தி உடுத்தத் தடையும் இருந்தது. தெற்கிலிருந்து கப்பலில் வரும் பழைய பருத்தித் துண்டுகளைக் காசுக்கு வாங்கி, ஒட்டுமேல் ஒட்டு வைத்து, இழை இழையாகத் தைத்து இடைவெளியை அடைத்தார்கள் பெண்கள். அம்மா தைத்ததன்மேல் மகள், அதன்மேல் பேத்தி. தூக்கிப் பார்த்தால் ஆளைச் சாய்க்கும் கனம் உள்ள ஒரு படுக்கை அங்கி, அதற்குள் குடும்பமே ஒண்டிக்கொண்டு தூங்கும். போரோ என்றால் கந்தல் என்றே பொருள்.

போருக்குப் பிறகு நாட்டில் காசு புழங்கத் தொடங்கியதும் பல வீடுகள் இவற்றை எரித்தன, ஒளித்தன. வெட்கம். இனவரைவியலாளர் தனாகா சுசாபுரோ 1960களிலிருந்து ஊர் ஊராக நடந்து இவற்றைக் கேட்டு வாங்கினார். அவர் சேகரித்தவை 2009 முதல் பத்து வருஷம் டோக்கியோ அசாகுசாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தன. அங்கே வந்தவர்கள் போரோவைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். இன்று உலகச் சந்தையில் நல்ல போரோ ஒன்றின் விலைக்கு ஒரு பைக் வாங்கலாம். ‘போரோ ஸ்டைல்’ ஜாக்கெட்டுகளும் வருகின்றன. புதுத் துணிமேல் ஒட்டு. கீழே ஓட்டையே இல்லாத ஒட்டு.

ஸ்வெட்டரின் ஓட்டைக்கும் போரோவுக்கும் வித்தியாசம் இதுதான். போரோ ஓட்டை அல்ல, ஓட்டையை அடைத்த கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரி இருக்கிறாள். அவள் இதைக் கலை என்று சொல்லவில்லை, வெளியே காட்டவும் விரும்பவில்லை. அவள் வெட்கப்பட்டதை நான் அழகு என்று சொன்னால், அவளுக்கு எதையாவது திருப்பிக் கொடுக்கிறேனா, அவளிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்குகிறேனா?

எங்கள் வீட்டில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பு ஒன்று உண்டு. அம்மா தைத்தது, அதற்கு முன்னால் பாட்டி. டிசைன் படித்த நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்தவன் அதைப் பார்த்துவிட்டு, “டேய், இது போரோடா! ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்டா” என்று குதித்தான். அம்மா வந்து அதை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் போன பிறகு என்னிடம், “கந்தலப் போயி ஊருக்கே காட்டணுமா? நல்ல பெட்ஷீட் இல்லாத வீடுன்னுதான நெனப்பாங்க” என்றாள். “இல்லம்மா, அழகா இருக்குன்னு சொல்றான்.” “அழகா இருந்தா அவன் வீட்ல விரிச்சுப் படுக்கட்டும்.”

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று கேட்டு வளர்ந்தவள். கசக்கிக் கட்டினால் கௌரவம், காட்டினால் இல்லை. அவளுக்கு அழகு உணர்ச்சி இல்லை என்று நண்பன் நினைத்திருக்கலாம். எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்தவள் அவள்தான். அவளுக்கு அழகு தெரியும். அந்த அழகை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் உரிமையையும் அவள் கையில் வைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். தனாகா வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கியதற்கும், ஒரு வியாபாரி மூட்டையாக வாங்கி ஏலத்தில் விடுவதற்கும் நடுவே இருக்கும் தூரம் இந்தக் கேட்பதில்தான் இருக்கிறது என்று இப்போதைக்கு நினைக்கிறேன். செத்துப்போனவளிடம் எப்படிக் கேட்பது என்று நீங்கள் கேட்டால், அதற்கு என்னிடம் ஒரு புகைப்படக்காரரின் வேலைதான் பதிலாக இருக்கிறது.

*

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் குண்டுவீச்சில் இறந்தவர்களின் உடைகள் இருக்கின்றன. அந்த அருங்காட்சியகப் பொருட்களை சுச்சிதா ஹிரோமி முன்பே கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார், யாருடையது, என்ன ஆனார் என்ற குறிப்புகளோடு. சாட்சியம் மாதிரி. அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்தோம்.

2007இல் அங்கே போனார் இஷியுச்சி மியாகோ. 1947இல் பிறந்தவர், அமெரிக்கக் கடற்படைத் தளம் இருந்த யோகோசுகாவில் வளர்ந்தவர். அம்மா இறந்த பிறகு அவருடைய உள்ளாடையையும் லிப்ஸ்டிக்கையும் படமெடுத்தவர். ஹிரோஷிமா உடைகளை அவர் வண்ணத்தில் எடுத்தார். மெல்லிய துணியை ஒளிப்பெட்டிமேல் வைத்தார், பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவியது. பூப்போட்ட ரவிக்கை, கட்டம் போட்ட பாவாடை, கையால் தைத்த காலர், பொத்தான். கிழிசலும் கருகலும் இருக்கின்றன, ஆனால் கண் முதலில் போவது பூவுக்கு. தெரியாத ஒருவரிடம் காட்டினால் 1982 பாரிஸ் மேடையில் வந்தது என்றுகூட நினைத்துக்கொள்வார். எனக்கு முதல்முறை பார்த்தபோது அப்படித்தான் பட்டது, உடனே முதுகு சில்லிட்டது.

இவ்வளவு அழகாக எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பூப்போட்ட துணியைக் குண்டு தேர்ந்தெடுக்கவில்லை. போர்க்காலக் கெடுபிடியில், மேலே கரடுமுரடான கால்சட்டையும் சட்டையும் போடச் சொன்ன காலத்தில், உள்ளே இதைப் போட்டுக்கொள்வோம் என்று ஒரு பெண் அன்று காலை முடிவெடுத்திருக்கிறாள். கிழிசலை மட்டும் பார்த்தால் அவள் செத்தது தெரிகிறது. பூவைப் பார்த்தால் அவள் ஜவுளிக்கடையில் இரண்டு துணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து நின்றது தெரிகிறது. இஷியுச்சி அவளுக்கு அந்த நிமிஷத்தைத் திருப்பித் தருகிறார். கலியானோ நதிக்கரையிலேயே விட்டுவிட்டு வந்த ஆள், இங்கே துணிக்குள்ளேயே இருக்கிறாள்.

அந்தத் தொடரின் தலைப்பை அவர் ஊர்ப் பெயருக்கு வழக்கமான சித்திர எழுத்தில் எழுதவில்லை, ஹிரகானாவில் எழுதினார். ஒருகாலத்தில் பெண்களின் எழுத்து என்று ஒதுக்கப்பட்ட எழுத்து அது. படங்களின் தலைப்பில் அந்த உடையைக் கொடுத்தவரின் பெயரும் இருக்கும். அம்மாவையோ அக்காவையோ இழந்தவர்கள் பல பத்து வருஷம் அலமாரியில் வைத்திருந்துவிட்டு, தாங்களும் போய்ச்சேரும் வயது வந்ததும் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முதல் தடவையோடு இஷியுச்சி நிறுத்திக்கொள்ளவில்லை. புதிதாக வந்து சேர்ந்த உடைகளைப் படமெடுக்க அதன் பிறகும் வருஷா வருஷம் ஹிரோஷிமாவுக்குப் போய்வந்தார்.